கீஃபர் தெருக் கூரை

கூட்ட அறைக் கடிகாரம் நாலே கால் காட்டியது. மணி ஐந்தே கால். மார்ச்சில் ஊரெல்லாம் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியபோது அந்தச் சுவருக்கு யாரும் ஏணி கொண்டு வரவில்லை.

டெனீஸ் கோவாச் நாற்காலிகளைப் போட்டாள். நான்கு வரிசை போட்ட பிறகு பின்வரிசை இரண்டையும் மடக்கிச் சுவரில் சாய்த்தாள். போன வருஷம் இந்தக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஒருவர் வந்தார். வாகன அபராதம் கட்டும் இடம் என்று நினைத்து வந்தவர். குளிருக்கு ஒதுங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவரையும் வருகையில் சேர்த்துக்கொண்டார்கள்.

வாசல் மேசையில் கையெழுத்துத் தாளும் பேனாவும் வைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டு பிஸ்கட். மானியப் பணத்தில் தின்பண்டம் வாங்கக் கூடாது என்பதால் அவள் கைக்காசில் வாங்கியது.

டுவைட் ஆம்ஸ்லர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார். நகர மேம்பாட்டுத் துறையின் இயக்குநர். பன்னிரண்டு வருஷமாக டெனீஸின் மேலதிகாரி. ஒரு பிஸ்கட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"உலர்திராட்சையா?"

"ஆமா."

"நல்ல யோசனை. சாக்லேட் போட்டிருந்தா ஆள் வந்திருப்பாங்க."

கடித்துக்கொண்டே முன்மேசையில் போய் உட்கார்ந்தார்.

வாஷிங்டனிலிருந்து வருஷா வருஷம் அந்த நகரத்துக்கு ஒரு மானியம் வரும். ஏழைகள் இருக்கும் தெருக்களுக்கும் அவர்களுடைய வீடுகளுக்கும். அதை எதற்குச் செலவழிப்பது என்று நகரம் ஒரு திட்டம் எழுத வேண்டும். எழுதுவது டெனீஸ். எழுதியதைச் செய்தித்தாளில் அறிவித்து, ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் பதில் சொல்வதில்லை. அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. எப்போதோ ஒரு நகர வழக்கறிஞர் சொன்னது பழக்கமாகிவிட்டது. யாரும் வராவிட்டாலும் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஆறரை வரை உட்கார்ந்திருப்பார்கள். போன வருஷப் பதிவில் டுவைட்டின் இருமலும் அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாயின் தட்டலும் இருந்தன. அதையும் திட்டத்தோடு கோப்பில் சேர்த்தாள்.

இந்த வருஷம் திட்டத்தில் ஒரு திருத்தம் இருந்தது. வீட்டுப் பழுதுபார்ப்புக்கு வைத்திருந்த பணம் அத்தனையும் ஒரு தீயணைப்பு வண்டிக்குப் போகிறது.

காரணம் எளியது. செலவாகாத பணம் அளவுக்கு மீறித் தூங்கினால் வாஷிங்டன் அடுத்த வருஷப் பங்கில் கை வைத்துவிடும். மே மாதத் தொடக்கத்தில் கணக்கைத் திறந்து பார்ப்பார்கள். பழுதுபார்ப்புப் பணம் தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். பழைய கட்டடங்களைக் காக்கிற மாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். அதை எடுக்க உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர் வேண்டும். அப்படி அந்தப் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். மூட்டுவலி தாங்காமல் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். இரண்டு வருஷத்தில், விண்ணப்பித்தவர்கள் பட்டியலிலிருந்து முடிந்தது ஒரு வீடு. அதுவும் வாசல் படிக்கட்டு மட்டும். வண்டி அப்படியில்லை. விற்பனையாளரின் முற்றத்தில் கழுவித் துடைத்து நின்றுகொண்டிருந்தது. ஒரு காசோலை போதும்.

"ஷெல்பி வருவாரா?" என்றார் டுவைட்.

"தெரியல."

"அவர்கிட்ட காரணத்தச் சொன்னியா?"

"கடிதம் போச்சே."

"அந்தக் கடிதத்துல நான்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கே புரியல."

டெனீஸ் முன்வரிசை நாற்காலி ஒன்றை நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

வெர்னெல் ஷெல்பி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கீஃபர் தெருவில் பச்சை வீடு. அவர் மனைவி யோலண்டாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது. மாடியறையின் உட்கூரை இடிந்து விழுந்தபோது கட்டிலைக் கூடத்துக்கு இறக்கினார்கள். பிறகு கூடமும் ஒழுக ஆரம்பித்தது. போன அக்டோபரில் பட்டியலில் அவர் பெயர் மேலே வந்தது. டெனீஸ் நேரில் போய்ச் சொன்னாள்.

அவர் சந்தோஷப்பட்டதை அவள் பார்த்தாள். கூரைக்குப் போடும் தார் ஓடு கறுப்பா சாம்பலா என்று கேட்டார். நீங்களே எடுக்கலாம் என்றாள். யோலண்டா கட்டிலில் இருந்தபடி, "பச்ச வீட்டுக்குக் கறுப்பு வேணாம், தவள மாதிரி இருக்கும்," என்றாள். மூவரும் சிரித்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். அனுமதி வரும்வரை வீட்டில் எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்பது அந்தத் தாள்களில் ஏழாம் பக்கத்தில் இருந்தது. வாயால் ஒரு தடவை சொல்வது அவள் வழக்கம். அன்றைக்கு நிறத்தைப் பற்றிப் பேசியதில் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் போகும் தேவாலயமான கில்கால் சபையின் ஆண்கள் கடப்பாரைகளோடு வந்துவிட்டார்கள். நகரம் புதுக் கூரை போடப் போகிறது, பழையதைப் பிரிக்கிற கூலியையாவது மிச்சப்படுத்திக் கொடுப்போம் என்று. சாயங்காலத்துக்குள் மொத்த ஓடுகளையும் பெயர்த்துத் தெருவோரம் குவித்து, மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். முற்றத்தில் அடுப்பு மூட்டி விலா எலும்புக் கறி வாட்டினார்கள்.

திங்கட்கிழமை டெனீஸ் மாநில அலுவலகத்துக்கு அனுப்பப் படம் எடுக்கப் போனாள். வெர்னெல் வாசலிலேயே நின்றார்.

"பாத்தீங்களா மிஸ் டெனீஸ்? பாதி வேலைய நாங்களே முடிச்சாச்சு."

அவள் தார்ப்பாயைப் பார்த்தாள். குவிந்து கிடந்த ஓடுகளைப் பார்த்தாள். நான்கு பக்கமும் சுற்றி வந்து படம் எடுத்தாள். அவர் மிச்சக் கறியை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள்.

மறுநாள், மானியத்தைக் கவனிக்கும் கொலம்பஸ் வட்டார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அந்தப் பக்கம் ஒரு பெண்.

"நல்ல மனசுக்காரங்கதான். ஆனா வேலை ஆரம்பிச்சாச்சே."

"பணம் யாரும் வாங்கல. சர்ச் ஆளுங்க."

"யாரா இருந்தா என்னங்க. அனுமதிக்கு முன்னாடி தொட்டாச்சு. அப்புறம் அந்த வீட்டுக்கு நம்ம பணம் போகக் கூடாது."

"விதிவிலக்கு?"

"எழுதி அனுப்புங்க. அனுப்பக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன்."

டெனீஸ் எழுதி அனுப்பினாள். தொலைபேசியை வைத்ததும் மேசையிலேயே மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டோம் என்று மாலையில் நினைவில்லை. வெர்னெல் இரண்டு தடவை கூப்பிட்டார். மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றாள். நவம்பர் வரை அது உண்மையாக இருந்தது. டிசம்பரில் அவருக்கு மறுப்புக் கடிதம் போயிற்று. அதில் காரணமாக விதியின் எண் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கீஃபர் தெரு வழியாகப் போகவில்லை. வேண்டுமென்று இல்லை. பாலத்து வழி அலுவலகத்துக்குப் பக்கம்.

ஐந்தரைக்குச் சரியாக இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தது ஹோசியா ப்ரூயிட், கில்கால் சபையின் டீக்கன், போதகருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர். எழுபதைத் தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமைச் சூட். பின்னால் வெர்னெல், பேருந்து ஓட்டுநரின் மஞ்சள் பட்டை மேல்சட்டையோடு.

டீக்கன் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நாங்கதான் முதல் ஆளுங்களா?"

"ஆமாங்க," என்றாள் டெனீஸ்.

"அப்ப கடைசி ஆளுங்களும் நாங்கதான். வா வெர்னெல், நல்ல எடமா பாத்து உக்காரு, கூட்டம் வர்றதுக்குள்ள."

வெர்னெல் தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ் டெனீஸ்."

"மிஸ்டர் ஷெல்பி. இதுல ஒரு கையெழுத்து. யோலண்டா எப்படி இருக்காங்க?"

"சமையக்கட்டுல இருக்கா. கட்டிலோட. அங்க மட்டுந்தான் இன்னும் ஒழுகல." பேனாவை எடுத்தார். "படுத்துக்கிட்டே ஃப்ரிட்ஜத் தொறக்கறா. மகாராணி கணக்கா இருக்கேன்கிறா."

கையெழுத்து மெதுவாக விழுந்தது.

டுவைட் ஒலிப்பதிவை முடுக்கிவிட்டு அறிக்கையைப் படிக்கத் தொடங்கினார். இன்ன மானியம், இன்ன ஆண்டு, இன்ன சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டது. கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரலில் படித்தார்.

"எங்களுக்கா படிக்கிறீங்க?" என்றார் டீக்கன். "ரெண்டு பேருதானே. இப்படி வந்து பக்கத்துல உக்காந்து சொல்லுங்களேன்."

டுவைட் நிமிராமல் படித்து முடித்தார். "பேச விரும்புறவங்க வரலாம். ஆளுக்கு மூணு நிமிஷம்."

டெனீஸ் கைபேசியில் நேரத்தை வைத்தாள். டீக்கன் ஒலிவாங்கிக்கு முன் போய் அதன் கழுத்தை வளைத்துத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"ஹோசியா ப்ரூயிட். கீஃபர் தெருவுக்குப் பின் தெரு. பேப்பர்ல உங்க அறிவிப்பப் பாத்தேன். மரண அறிவித்தலுக்குக் கீழ போட்டிருந்தீங்க. மரண அறிவித்தல நான் தினம் பாப்பேன், நம்ம பேரு வந்திருக்கான்னு. வரல. கீழ இது இருந்துது. வீடு பழுது பாக்குற பணத்துல தீயணைப்பு வண்டி." கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "வண்டி நல்லதுதான். நெருப்புன்னு வந்தா வேணும். ஆனா அய்யா, எங்க தெருவுல எரியறதுக்கு எது காய்ஞ்சு கெடக்கு? எல்லாம் ஊறிப்போய்க் கெடக்கு. தீக்குச்சியக் கிழிச்சுப் போட்டா அதுக்கு ஜலதோஷம் பிடிக்கும்."

வெர்னெல் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. டுவைட்டின் உதடும் அசைந்தது. உடனே தாளைப் பார்த்தார்.

"தண்ணி பீய்ச்சுற வண்டி எங்களுக்கு வேணாம். தண்ணி உறிஞ்சுற வண்டி இருந்தா குடுங்க. அவ்வளவுதான். மிச்ச நேரத்த வெர்னெலுக்குக் குடுக்கிறேன்."

"நேரத்த மாத்திக் குடுக்க முடியாதுங்க," என்றார் டுவைட்.

"பணத்த மட்டும் மாத்துவீங்க." டீக்கன் வந்து உட்கார்ந்தார்.

வெர்னெல் எழுந்தார். ஒலிவாங்கி தாழ்ந்தே இருந்தது. அதை உயர்த்தாமல் தானே குனிந்தார்.

"வெர்னெல் ஷெல்பி. எனக்கு ஒரே கேள்வி."

"இங்க கேள்விக்குப் பதில் சொல்றதில்ல மிஸ்டர் ஷெல்பி," என்றார் டுவைட். கடுமையாக இல்லை. "கருத்து சொல்லலாம். எல்லாம் பதிவாகும்."

வெர்னெல் யோசித்தார்.

"என் கூரைய ஏன் விட்டுட்டாங்கன்னு எனக்குத் தெரியல. அதான் என் கருத்து."

டெனீஸ் எழுதினாள்.

"அக்டோபர்ல தர்றோம்னாங்க. டிசம்பர்ல இல்லன்னாங்க. நடுவுல நான் ஒண்ணும் தப்புப் பண்ணல. வரி பாக்கி இல்ல. வீடு என் பேர்லதான் இருக்கு. பேருந்துல நான் ஏத்துற பிள்ளைங்க அஞ்சு நிமிஷம் தாமசமா வந்தாக்கூட நின்னு ஏத்திக்கிட்டுத்தான் போவேன்." நிறுத்தினார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தார்ப்பாய் ஜனவரில கிழிஞ்சுது. இன்னொண்ணு போட்டோம். அதுவும் கிழிஞ்சுது. வீட்டுக்குள்ள மழை பெய்யுது, சமையக்கட்டுல பெய்யல. அது எத்தன நாளைக்குன்னு தெரியல."

 அவர் திரும்பிப் போய் உட்காரவில்லை. ஒலிவாங்கிக்கு முன் குனிந்தபடியே நின்றார்.

"இன்னும் நேரம் இருக்கு," என்றார் டுவைட்.

"இருக்கட்டும்."

வெப்பக் குழாய் தட்டியது. டெனீஸின் கைபேசியில் எண்கள் இறங்கின. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒலித்தபோது அணைத்தாள். வெர்னெல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"நன்றி," என்றார் டுவைட். "வேற யாராவது?"

டீக்கன் பின்னால் திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். "ஒருத்தரும் கை தூக்கல."

ஆறரை வரை நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். போகலாம் என்று டுவைட் சொல்லிப் பார்த்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் எழுந்து போனால் நன்றாயிருக்காது என்றார் டீக்கன். எழுந்து போய் பிஸ்கட் எடுத்து வந்தார். ஒன்றைத் தின்றார். இரண்டைக் காகிதக் கைக்குட்டையில் மடித்தார்.

"யோலண்டாவுக்கு," என்றார், யாரும் கேட்காமலே. "திராட்சை அவளுக்குப் பிடிக்காது. பொறுக்கிப் போட்டுட்டுத் தின்பா."

ஜன்னலுக்கு வெளியே மழை மேகத்தில் வாகன நிறுத்தம் சாம்பலாகி, விளக்குகள் நேரத்துக்கு முன்பே எரிந்தன. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வெர்னெல் மட்டும் ஜன்னலைப் பார்க்கவில்லை. டெனீஸ் கருத்துகளுக்கான பக்கத்தைத் திருத்தமாக எழுதினாள். கருத்து ஒன்று, கருத்து இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று ஒரு கட்டம். இரண்டையும் காலியாக விட்டாள். அவளுக்குப் பசிக்கவில்லை.  மறுநாள் காலை வண்டி விற்பனையாளருக்கு என்னென்ன அனுப்ப வேண்டும் என்று ஒரு வரிசை மனத்தில் தானாக ஓடியது.

ஆறரை ஆனதும் டுவைட் கூட்டம் முடிந்தது என்று பதிவுக்குச் சொல்லிக் கருவியை நிறுத்தினார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டார். வெர்னெலுக்கு முன் ஒரு கணம் நின்றார்.

"வந்ததுக்கு நன்றி. உண்மையாத்தான் சொல்றேன்."

"சரிங்க."

"டெனீஸ், பூட்டிட்டுப் போயிடு."

அவர் போனதும் டெனீஸ் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாள். வெர்னெலும் ஒன்றை மடக்கினார்.

"வேணாம் மிஸ்டர் ஷெல்பி. நான் பாத்துக்கறேன்."

"சர்ச்சுல தினம் பண்றதுதானே." அடுத்ததை மடக்கினார். "அந்த மிஷினு நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"அப்ப இப்ப கேக்கலாமா?"

அவள் கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்தது. மறுபடி சாய்த்தாள்.

"அந்தச் சனிக்கிழமை," என்றாள்.

"எந்தச் சனிக்கிழமை?"

"கூரையப் பிரிச்சீங்களே, அது. அனுமதி வர்றதுக்கு முன்னாடி வேலை ஆரம்பிச்சா அந்த வீட்டுக்கு மானியம் போகக் கூடாது. யாரு ஆரம்பிச்சாலும். சும்மா செஞ்சு குடுத்தாலும்."

வெர்னெல் இரண்டு நாற்காலிகளைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஓடுகளப் பெயர்த்தோமே, அதுவா வேலை?"

"ஆமா."

"உங்களுக்கு மிச்சம் பண்ணிக் குடுக்கத்தான் பெயர்த்தோம்."

"தெரியும்."

"திங்கக்கிழமை வந்தீங்களே. சுத்திச் சுத்திப் படம் எடுத்தீங்க."

"எடுத்தேன்."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"கறி குடுத்தேன். வாங்கிட்டுப் போனீங்க."

"ஆமா."

அவர் நாற்காலிகளைச் சுவரில் சாய்த்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக. கோபப்படுவார் என்று டெனீஸ் காத்திருந்தாள். அவர் மேல்சட்டையின் பொத்தானைப் போட்டார். பொத்தான் தவறான துளையில் ஏறியது. அப்படியே விட்டார்.

"நல்லா இருந்துதா?" என்றார்.

"எது?"

"கறி."

"நல்லா இருந்துது."

"டீக்கனோட கைப்பக்குவம்."

 டீக்கன் கதவோரம் நின்றிருந்தார். பிஸ்கட் பொட்டலத்தைச் சூட்டின் பையில் வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"நான்தான் ஆளுங்கள கூட்டிட்டு வந்தேன்," என்றார். "வெர்னெல் வேணாம்னுதான் சொன்னான். அவங்களே வந்து பிரிக்கட்டும்னான். நீ சும்மா இருடா, நாலு மணி நேர வேலைன்னு நான்தான் ஏணியப் போட்டேன்."

"விடுங்க டீக்கன். போவோம். அவ தனியா இருப்பா."

"இருப்பா." அவர் அசையவில்லை. "குளிர் காலம் பூரா அவகிட்ட போய் ஜெபம் பண்ணேன். நகரத்துக்காரங்க மனசு மாறணும்னு."

"டீக்கன்."

"இரு வெர்னெல். நான் இவங்கள ஒண்ணு கேக்கணும்." அவர் டெனீஸின் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், வெர்னெலுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. வெர்னெல் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"நாங்க கை வெக்காம இருந்திருந்தா, இந்நேரம் அவன் வீட்டுக்குக் கூரை வந்திருக்குமாம்மா?"